சிக்கந்தரும் இஸ்கந்தரும்: தோற்ற மன்னனைப் போற்றிய இரு படைப்புகள்

முன்னுரை

கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தரும் பஞ்சாப் பகுதியை ஆண்ட போரஸும் பொருதனர். அப்போர் 1941இல் ‘சிக்கந்தர்’ என்னும் இந்தித் திரைப்படமாயிற்று. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அலெக்சாந்தர் இந்திய மன்னன் ஒருவனை வென்ற கதை ஜொகூர் அரசவையில் உருப்பெற்ற ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலில் இடம்பெற்றிருந்தது. இவ்விரு படைப்புகளும் தோற்ற மன்னனை எவ்வாறு காட்டுகின்றன என்பதை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்கந்தர் (1941)

சோராப் மோடி தம் மினர்வா மூவிடோன் நிறுவனத்தின்வழி இப்படத்தைத் தயாரித்து இயக்கினார். பிருதிவிராஜ் கபூர் சிக்கந்தராகவும், மோடி போரஸாகவும், வனமாலா சிக்கந்தரின் காதலி ருக்சானாவாகவும் நடித்தனர். தோற்றுச் சிறைப்பட்ட போரஸ், தன்னை ஓர் அரசனுக்குரிய முறையில் நடத்துமாறு கேட்டதையும், அலெக்சாந்தர் அவனது நாட்டைத் திருப்பி அளித்ததையும் அர்ரியன் முதலிய பண்டை ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். படமும் இச்செய்தியைப் பின்பற்றுகிறது.

ஆனால், ருக்சானா போரஸுக்கு ராக்கி கட்டி, அவனை உடன்பிறந்தானாக்கி, சிக்கந்தரின் உயிருக்குத் தீங்கு செய்வதில்லை என்னும் உறுதிமொழியைப் பெறும் காட்சி அந்நூல்களில் இல்லை. இப்புனைவினால் போரஸ் பகைவனுக்கும் வாக்குத் தவறாத பெருமகனாக உயர்கிறான். போரில் தோற்பினும் அறத்தில் தோற்காதவனாகிறான். அந்நியர் ஆட்சியின்கீழ் இருந்த மக்களுக்கு அத்தகையதொரு மன்னன் தேவைப்பட்டான் எனலாம். பம்பாய்த் தணிக்கைக் குழுவின் அனுமதி பெற்ற இப்படம், படைவீரர் குடியிருப்புகளைச் சார்ந்த சில திரையரங்குகளில் பின்னர்த் தடைசெய்யப்பட்டதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஜொகூரில் எழுதப்பட்ட இஸ்கந்தர் கதை

1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது. அதன் இறுதி சுல்தானான மாமூட் ஷாவின் மகன் ஜொகூர் அரசை நிறுவினார். அவ்வரசின் பெண்டஹாராவாக விளங்கிய துன் ஸ்ரீ லானாங்கை செஜாரா மெலாயுவின் ஆசிரியராக மரபு கருதுகிறது. நூலின் முன்னுரை 1612ஆம் ஆண்டைச் சுட்டுகிறது. தலைநகரை இழந்த அரச மரபு தன் பெருமையை ஏட்டில் நிலைநிறுத்த முற்பட்ட காலம் அது.

இந்நூலில் மாசிடோனிய மன்னன் ராஜா இஸ்கந்தர், ஞாயிறு எழும் திசையைக் காணப் புறப்பட்டு இந்திய எல்லையை அடைகிறான். அங்கு ராஜா கிடா ஹிந்தி அவனை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்படுகிறான். இஸ்லாத்தைத் தழுவி, சிறப்புச் செய்யப்பெற்று, மீண்டும் நாடாள்கிறான். அவன் மகள் ஷாருல் பாரியாவை இஸ்கந்தர் மணக்கிறான். புக்கிட் செகுந்தாங்கில் தோன்றும் மலாய் அரச மரபின் முன்னோர் இத்திருமணத்தின் வழித்தோன்றல்களே என்று நூல் கூறுகிறது.

கிடா ஹிந்தியைப் போரஸ் என்றே கொண்டுவிடுதல் பொருந்தாது. பாரசீகக் காப்பியமான ஷாநாமாவில் கைத் என்னும் இந்திய மன்னன் போரிடாமல் தன் மகளை இஸ்கந்தருக்கு அளிக்கிறான். ஃபூர் எனப்படும் போரஸோ போரிட்டு மடிகிறான். மலாய் நூலின் மன்னன் பெயராலும் மகட்கொடையாலும் கைத்தை ஒத்தவன். போரிட்டதனால் போரஸை ஒத்தவன். இருவர் கதையும் ஒருவனிடத்தில் வந்து கலந்தன எனக் கருத இடமுண்டு.

இதே முறை நூலில் மீண்டும் வருகிறது. கலிங்க நாட்டிலிருந்து படையெடுத்து வரும் அரசன், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கிளாங்கியு கோட்டையை வென்று, தோற்ற மன்னனின் மகளை மணக்கிறான். முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பின் நினைவு இதில் பதிந்திருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுவர். இங்கு இந்திய அரசன் வென்றவன். கிடா ஹிந்தியோ தோற்றவன். இருவரும் அரச மரபின் முன்னோராகவே போற்றப்படுகின்றனர்.

முடிவுரை

இரு படைப்புகளிலும் பகைவருக்கிடையே ஒரு பெண் நின்று உறவை உண்டாக்குகிறாள். படத்தில் அது சகோதர உறவு. மலாய் நூலில் மண உறவு. 1941இல் தேவைப்பட்டது தலைகுனியாத ஒரு மன்னன். 1612இல் தேவைப்பட்டது அறுபடாத ஒரு மரபு. ஆகவே, இவற்றை நிகழ்ந்தவற்றுக்குச் சான்றாகக் கொள்வதினும், தோன்றிய காலத்தின் மனநிலைக்குச் சான்றாகக் கொள்வதே தகும்.

1981 முதல் 2010 வரை ஜொகூரை ஆண்ட சுல்தானின் பெயர் இஸ்கந்தர். அவர் பெயரால் இஸ்கந்தர் மலேசியா வட்டாரமும் அமைந்துள்ளது. அப்பெயரை நாளும் கேட்கும் நாம் கிடா ஹிந்தியை நினைப்பதில்லை. அவனைக்கொண்டு நமக்கு இம்மண்ணில் தொன்மையுரிமை நாட்ட முயல்வது வரலாறாகாது. எனினும், தோற்ற இந்திய மன்னனைத் தன் மூதாதையாக ஏற்பதை இழிவாகக் கருதாத அவை ஒன்று ஜொகூரில் இருந்தது என்பது வரலாறே. அதனை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.