கோணம்: பெயரிடலும் அளவிடலும் வகைப்படுத்தலும்

ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் இரண்டு கதிர்களுள் ஒன்று மற்றதன் மேல் பொருந்துவதற்கு எவ்வளவு திரும்ப வேண்டுமோ அந்தத் திருப்பத்தின் அளவே கோணம் எனப்படும். கதிர்கள் புறப்படும் புள்ளி உச்சி என்றும், கதிர்கள் புயங்கள் என்றும் வழங்கும். புயங்களை எவ்வளவு நீட்டினாலும் கோணம் மாறாது. அருகில் மிதக்கும் மிதவையையும் தொலைவில் தெரியும் மலையையும் ஒரே கருவியால் அளக்க முடிவது இதனாலேயே. பெயரிடும்போது மூன்று எழுத்துகளை எழுதி, உச்சிக்குரியதை நடுவில் வைப்பது மரபு. திருகோணமலை விரிகுடாவின் வாயிலில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைச் ‘ச’ என்றும், எதிர்ப்புறத்தில் தென்கிழக்கே உள்ள ஃபவுல் முனை வெளிச்சவீட்டை ‘வ’ என்றும், கடலில் நிற்கும் கப்பலைக் ‘க’ என்றும் கொண்டால், கப்பலிலிருந்து அவ்விரண்டையும் நோக்கும் கோணம் ∠வகச ஆகும். ∠கவச என எழுதினால், அது வெளிச்சவீட்டில் நின்று கப்பலையும் மலையையும் நோக்குபவரின் கோணமாகிவிடும்.

ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஒரு பாகை 60 கலை. ஒரு கலை 60 விகலை. அறுபதை அடியாகக் கொண்ட இப்பகுப்பு பாபிலோனியரின் எண்முறையிலிருந்து வந்தது. பள்ளிப் பாகைமானியில் அரைப் பாகைக்குக் கீழ் நம்பி வாசிக்க இயலாது. மாலுமியின் செக்ஸ்டன்ட் கலையின் பின்னங்களையும் காட்டும். அதன் வில் வட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே ஆயினும், கண்ணாடி திரும்பும் கோணத்தைப் போல் இரு மடங்கு ஒளிக்கதிர் திரும்புவதால், அவ்வில்லில் 120 பாகை வரை அளக்கலாம். இத்தகைய நுட்பம் மிகையன்று: பத்துக் கடல்மைல் தொலைவிலுள்ள ஒரு குறியை நோக்கும்போது ஒரு பாகை பிழைத்தால், நோக்குகோடு அங்கே ஏறத்தாழ 320 மீற்றர் விலகிவிடும். கடல்மைலும் கோணத்திலிருந்து பிறந்த அளவே. அகலாங்கின் ஒரு கலைக்குரிய நீளமாகத் தோன்றிய அது, 1929ஆம் ஆண்டு 1852 மீற்றர் என வரையறுக்கப்பட்டது.

90 பாகையிலும் குறைந்தது கூர்ங்கோணம், சரியாக 90 பாகை செங்கோணம், 90க்கும் 180க்கும் இடைப்பட்டது விரிகோணம், 180 பாகை நேர்கோணம், அதற்கு மேல் 360 வரை பின்வளைகோணம். இவ்வகைகள் தனித்தனிப் பெட்டிகள் அல்ல என்பதை விரிகுடாவுக்குள் நுழையும் கப்பல் நன்கு காட்டும். வடகிழக்குத் திசையில் தொலைகடலிலிருந்து கப்பல் வரும்போது, இடப்புறம் வெளிச்சவீடும் வலப்புறம் சுவாமி மலையும் அமைய, ∠வகச சிறு கூர்ங்கோணமாகத் தொடங்கி, நெருங்க நெருங்கப் பெருகுகிறது. வச என்ற கோட்டை விட்டமாகக் கொண்ட வட்டத்தைக் கப்பல் தொடும் கணத்தில், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தின்படி, அது சரியாக 90 பாகையாகிறது. வட்டத்துக்குள் புகுந்ததும் விரிகோணமாகிறது. இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல் வரும்போது நேர்கோணமாகிறது. கோட்டைக் கடந்தபின், முன்புறமாகவே தொடர்ந்து அளந்தால், பின்வளைகோணமாகிறது.

ஆயினும் பருமனை மட்டும் கொண்ட இவ்வகைப்பாடு, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்புவது என்பதைச் சொல்லாது. அக்குறையை நிரப்புவது திசைகோள். அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்து 060°, 240° என மூன்று இலக்கங்களில் எழுதப்படும். வகைப்பாட்டைக் கற்பிக்கும் இடத்திலேயே இதையும் கற்பிப்பது மாணவர்க்குப் பெரிதும் பயன்படும். கப்பலிலும் வெளிச்சவீட்டிலும் வரையும் வடகோடுகள் இணையானவை. எனவே ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாகி, ஒன்றிலிருந்து மற்றதன் திசைகோள் எப்போதும் 180 பாகையால் வேறுபடும். சீனக்குடா விமான ஓடுபாதையின் இரு முனைகளும் 06, 24 என எண்ணிடப்பட்டிருப்பதும் இதே காரணத்தால்தான்: காந்தத் திசைகோளைப் பத்துப் பாகைக்கு முழுமையாக்கி, இறுதிச் சுழியை நீக்கினால் கிடைப்பவை அவ்வெண்கள், அவற்றின் வேறுபாடு 18.

கூட்டுத்தொகை 90 பாகையாகும் இரு கோணங்கள் நிரப்பு கோணங்கள்; 180 பாகையாகுமாயின் மிகைநிரப்பு கோணங்கள். திருகோணமலையின் அகலாங்கு வடக்கு 8 பாகை 34 கலை. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே நிற்கும் மார்ச், செப்டெம்பர் நாள்களில், நண்பகலில் அதன் ஏற்றக்கோணம் இங்கே அகலாங்கின் நிரப்பு கோணமான 81 பாகை 26 கலையாக இருக்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே 23 பாகை 26 கலை விலகி நிற்பதால், நண்பகல் ஏற்றம் 58 பாகையாகத் தாழ்கிறது. மாலுமிகள் இக்கணக்கைத் தலைகீழாகச் செய்து, அளந்த ஏற்றத்திலிருந்து தம் அகலாங்கை அறிந்தனர்.

கரை தெரியும் இடத்தில் இன்னும் எளிய வழியுண்டு. ஒரே வட்டத்துண்டத்தில் அமையும் கோணங்கள் சமம் என்பதால், ∠வகச 40 பாகை என அளந்தவுடன், கப்பல் வ, ச ஆகியவற்றின் வழியே செல்லும் ஒரு குறித்த வட்டவில்லின் மேல் நிற்கிறது என்பது உறுதியாகும். மூன்றாவது குறி ஒன்றையும் சேர்த்து இரண்டாவது கோணத்தை அளந்தால் மற்றொரு வட்டம் கிடைக்கும்; இரு வட்டங்களும் நடுக்குறியைத் தவிர வெட்டும் மற்றப் புள்ளியே கப்பலின் இடம். திசைகாட்டியின் பிழை இதில் புகுவதில்லை. மூன்று குறிகளும் கப்பலும் ஒரே வட்டத்தில் அமைந்துவிட்டால் மட்டும் இரு வட்டங்களும் ஒன்றாகி, இடம் தெரியாமற்போகும். ஆகவே குறிகளைத் தெரிவு செய்யும்போது நடுக்குறி மற்ற இரண்டையும் விடக் கப்பலுக்கு அருகில் இருக்குமாறு பார்த்துக்கொள்வர்.