வேங்கடத்தின் அடியில் ஒரு நாள்

மும்பையில் வாழும் தமிழர்களுக்கு ரேணிகுண்டா நன்கு அறிமுகமான இரயில் நிலையம். சென்னைக்குச் செல்லும் வண்டி அங்கு வந்து சேர்ந்தால், ஊர் நெருங்கிவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். திருப்பதிக்கென இறங்குவோரும் மலையேறி வழிபட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஆயினும், அம்மலையைச் சுற்றி ஒரே நாளில் கண்டு வரக்கூடிய தொலைவில் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு பரந்து கிடக்கிறது. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாகக் கூறும் வேங்கடம் இதுவேயன்றோ?

முதலில் குடிமல்லத்துக்குச் செல்வோம். பொன்முகலி என்று தமிழர் வழங்கும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் இது. இங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் கருவறை, யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட அமைப்பை உடையது. அதனுள் ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள இலிங்கத்தில், குறளுருவம் ஒன்றின் தோள்மீது சிவபெருமான் நிற்கும் கோலம் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு கையில் ஆட்டையும் மறு கையில் கலத்தையும் பற்றித் தோளில் மழுவைச் சார்த்தி நிற்கும் அவ்வுருவத்தைக் கோபிநாத ராவ் ஆராய்ந்து அறிஞருலகுக்கு அறிமுகம் செய்தார். இது கி.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர் அறிஞர் பலர். பிற்பட்டது என்பாரும் உளர். கோயிலுக்கு அளித்த கொடைகளைப் பல்லவர், வாணர் காலத்துக் கல்வெட்டுகள் தமிழில் உரைக்கின்றன.

அங்கிருந்து மேற்கே திரும்பித் திருப்பதி மலையடிவாரத்தை அடைந்தால் கபில தீர்த்தம். வைணவர் இதனை ஆழ்வார் தீர்த்தம் என்பர். பாறை முகட்டினின்று விழும் அருவி நேரே திருக்குளத்தில் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இதன் அழகு பெருகும். இம்மலையின் பாறைகளும் ஒரு வரலாற்று ஏடே. மலைப்பாதையின் ஓரத்தில், மிகத் தொன்மையான கருங்கற்பாறையின்மீது அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிற்பட்ட படிவுப்பாறை அமர்ந்திருப்பதை நிலவியலார் காட்டுகின்றனர். மலைமேல் உள்ள சிலாதோரணம், காற்றும் நீரும் குடைந்து சமைத்த இயற்கை வளைவு.

பிற்பகலில் சந்திரகிரிக்குச் செல்வோம். திருப்பதிக்கு அருகிலேயே உள்ளது. 1485-இல் விசயநகர அரியணையைக் கைப்பற்றிய சாளுவ நரசிம்மர், அதற்குமுன் இக்கோட்டையிலிருந்தே ஆண்டவர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நிலைகுலைந்தபின் தலைநகரம் பெனுகொண்டாவுக்கும், பின்னர் இங்கும் பெயர்ந்தது. கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு, மரம் சேர்க்காமல் எழுப்பிய மூன்றடுக்கு அரசமாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. பக்கத்தில் இராணிமாளிகை. சுற்றிலும் இடிந்த மதில்களும் மண்டபங்களும்.

இம்மதில்களுக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரை மணல்வெளியில் கோட்டை கட்ட உரிமை பெற்றார். அளித்தவர் சந்திரகிரி அரசருக்கு அடங்கியிருந்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்பரின் பெயரே சென்னப்பட்டணம் ஆயிற்று. 1645-இல் அரசர் மூன்றாம் சீரங்கராயரும் கம்பெனிக்குச் சாசனம் வழங்கினார். அடுத்த ஆண்டே சந்திரகிரி கோல்கொண்டாப் படைகளின் கைப்பட்டது. அரசு அழிந்தது, அது கொடுத்த மணல்வெளி மாநகரமாயிற்று.

சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நிலத்துக்கு மீண்டது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருந்தன. எனினும், தெலுங்கு நாட்டுச் சிற்றூரின் கோயிற் சுவர் தமிழ் பேசுகிறது. தமிழகத் தலைநகரின் பெயரோ ஒரு தெலுங்குத் தந்தையின் பெயர். வேற்று மாநிலத்தில் பிழைக்கச் சென்று, அங்குள்ளோர் மொழியைக் கற்று, நம் மொழியை வீட்டில் காத்துவரும் நமக்கு இக்கற்கள் ஆறுதல் தருகின்றன. இரு மொழியினர் அருகருகே வாழ்ந்து, ஒருவர் கொடையை மற்றவர் பெற்று வளர்ந்ததும் இம்மண்ணின் வரலாறுதான்.