பொய்க்குரலும் மெய்க்குரலும்: மந்தைவெளியில் ஓர் அபாயமணி

மந்தைகள் மேய்ந்த வெளி மந்தைவெளி ஆயிற்று என்பர். மயிலைக்குத் தெற்கே ஆநிரைகள் உலவிய அந்நிலத்தில் இன்று தெருவின் இரு மருங்கிலும் கார்களே நிரை கட்டி நிற்கின்றன. மாட்டின் கழுத்தில் மணி கட்டி அதன் இருப்பை அறிந்துகொண்ட மரபில் வந்த நாம், கார்களுக்கும் ஒரு மணி கட்டியிருக்கிறோம். அதற்கு அலாரம் என்று பெயர். அந்த மணி பழுதானபோது நமக்கு நேர்ந்ததையும், அதன் வழியே நம் நினைவுக்கு வந்த சில வரலாற்றுச் செய்திகளையும் இங்கே பதிவு செய்ய விழைகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருவில் தேங்கிய நீர் காரின் சக்கரங்களை மூழ்கடித்தது. வண்டி பிழைத்துக்கொண்டது, அலாரத்துக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டது. பூனை குதித்தால் அலறும். தண்ணீர் லாரி போனால் அலறும். ஒன்றுமே நிகழாதபோதும் அலறும். முதல் வாரம் ஓடிச் சென்று பார்த்தோம். இரண்டாம் வாரம் சன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். மூன்றாம் வாரம் படுக்கையில் இருந்தபடியே ரிமோட்டை அழுத்தி அதன் வாயை அடைத்துவிட்டுப் புரண்டு படுத்தோம்.

அப்படிப் புரண்டு படுத்த ஓர் இரவில் எதிர்வீட்டுத் தம்பியின் பைக் களவு போயிற்று. வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் வேலை அவருக்கு. வண்டிக்கு இன்னும் தவணை முடியவில்லை. காலையில் நம் காரின் பின்புறத்தில் புதிதாக ஒரு கீறல் தெரிந்தது. பைக்கைத் தள்ளிச் சென்றவன் உரசியிருக்க வேண்டும். அவருடைய தந்தை நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க வண்டி கத்துச்சே சார், நீங்க எழுந்து பாக்கலையா?" என்று மட்டும் கேட்டார். களவுக்கு இருந்த ஒரே சாட்சியை நம் கையாலேயே வாயடைத்திருந்தோம். அவருக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை.

எச்சரிக்கைக் கருவிகள் தமிழர்க்குப் புதியனவல்ல. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மகளிர் கையில் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் இருந்ததைக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. மதுரைக்காஞ்சி காட்டும் ஊர்க்காவலர் நள்ளிரவிலும் கண் துஞ்சாதவர். கள்வரின் சூழ்ச்சிகளை நூல்வழிக் கற்றறிந்தவர். ஒலி எழுப்புவதும் காவலே, ஒலி கேட்டு எழுவதும் காவலே. மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியின் பெருமை அதன் வெண்கலத்தில் இல்லை. பசு அசைத்தபோது அதைக் கேட்க ஓர் அரசன் இருந்தான் என்பதில் இருக்கிறது.

இந்த இரண்டு பணிகளையும் பிரித்தது மின்சாரம். 1853-இல் அமெரிக்காவின் பாஸ்டனுக்கு அருகே வாழ்ந்த அகஸ்டஸ் ரசல் போப் என்பார் திருட்டு அறிவிக்கும் மின்மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறந்தால் மின்சுற்று நிறைவுறும். மின்காந்தம் மணியை அடிக்கும். சைரன் அதற்கும் மூத்தது. 1819-இல் பிரான்சின் காஞார் த லா தூர் தம் கருவி நீருக்குள்ளும் ஒலித்தமையால், கிரேக்கக் கதைகளில் வரும் கடல் மோகினியரின் பெயரை அதற்குச் சூட்டினார். மாலுமிகளை மயக்கி அழித்தவர்களின் பெயர், மக்களை எழுப்பிக் காக்கும் கருவிக்கு வாய்த்தது ஒரு முரண்தான். அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களின் இயல்பைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். கார் அலாரங்களின் அதிர்ச்சி உணரிகள் பலவற்றில் அவ்வியல்பே இன்று வேலை செய்கிறது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலில் நின்று துறைமுகத்தை அடுத்த எண்ணெய்க் கலன்களைச் சுட்டது. போர் தொடங்கி ஏழு வாரங்கள் கடந்திருந்தும் நகரம் விளக்கேற்றி நிம்மதியாக இருந்தது. எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. குண்டே முதல் அறிவிப்பாயிற்று. மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினர். எம்டன் என்ற கப்பற்பெயர், எமகாதகனைக் குறிக்கும் சொல்லாக நம் பேச்சில் தங்கிவிட்டது.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலையும் ஜப்பானியரால் தாக்கப்பட்டன. அடுத்தது சென்னைதான் என்று அரசு நம்பியது. இன்றியமையாத பணி இல்லாதவர்கள் நகரைவிட்டு நீங்குமாறு அறிவுறுத்தப்பட்டது. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்குப் பெயர்ந்தன. குண்டு வீழ்ந்து கூண்டுகள் உடைந்தால் என்னாகும் என்ற அச்சத்தில், மூர் மார்க்கெட்டை அடுத்த மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஆனால் ஜப்பானியக் கடற்படை அதற்குள் கிழக்கே திரும்பிவிட்டிருந்தது. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து சில குண்டுகளை வீசிச் சென்றதே சென்னை கண்ட தாக்குதல். பொய்யான எச்சரிக்கைக்கும் விலை உண்டு என்பதற்கு அந்தச் சிங்கங்களும் புலிகளுமே சான்று.

எச்சரிக்கை இல்லாமைக்கு உள்ள விலையோ அளவிட முடியாதது. 2004 டிசம்பர் 26 காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிலம் பிளந்தது. ஆழிப்பேரலை நம் கரையைத் தொடும்போது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. மந்தைவெளியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள சீனிவாசபுரத்து மீனவர்களிடம் ஓடுங்கள் என்று சொல்ல இந்துமாக்கடலில் அன்று ஓர் ஏற்பாடு இல்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007-இல்தான் அமைந்தது. பின்னர் 2012 ஏப்ரல் 11 அன்று மீண்டும் அதே திசையில் பெரும் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினர், பேரலை வரவில்லை. சிலர் வீண் அலைச்சல் என்று முணுமுணுத்தனர். வீண் அன்று அது. கேட்டவர்கள் எழுந்தார்கள் என்பதே அன்றைய வெற்றி.

ஆக, அபாயமணி ஒரு கருவி மட்டுமன்று. ஒலிப்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒவ்வொரு பொய்யொலியும் அவ்வொப்பந்தத்தில் ஓர் எழுத்தை அழிக்கிறது. நம் காரின் அலாரம் மூன்று வாரங்களில் தெருவின் செவியையே மரக்கச் செய்துவிட்டது.

அடுத்த ஞாயிறன்று கையில் திருப்புளியுடன் அமர்ந்தோம். பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் தொலைபேசியில் சொன்ன அறிவுரை இலக்கண ஆசிரியர்க்கும் பொருந்துவது: "எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க சார். ஒண்ணொண்ணா சந்தேகப்படுங்க." முதலில் பேட்டரி. மின்னழுத்தம் குறைந்தாலும் அலாரம் குழம்பும். மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது, அதன்மேல் குற்றமில்லை. அடுத்து அதிர்ச்சி உணரி. டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த அதன் சிறு திருகைச் சற்றே தளர்த்தினோம். தண்ணீர் லாரிக்கு அடங்கியது. ஆயினும் நள்ளிரவில் காரணமின்றி அலறுவது நிற்கவில்லை. மூன்றாவதாக, பானெட்டின் விளிம்பில் விரல்நுனி அளவே உள்ள ஒரு சுவிட்ச். மூடி அழுத்தியிருக்கும்வரை சுற்று திறந்திருக்கும். மூடி எழும்பினால் சுற்று இணையும். 1853-இன் அதே சூத்திரம். அதன் கம்பியைக் கழற்றிவிட்டு ஓர் இரவு காத்திருந்தோம். தெரு அமைதியாக உறங்கியது. குற்றவாளி அகப்பட்டான். வெள்ளநீரும் உப்புக்காற்றும் சேர்ந்து ஏற்றிய துருவும் ஈரமும், பானெட் மூடியிருக்கும்போதே திறந்துவிட்டதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. சிறு தொகைக்குப் புது சுவிட்ச் வாங்கி, உப்புத்தாள் கொண்டு அது அமரும் தகட்டைத் தேய்த்துப் பொருத்தினோம். வேலை முழுவதற்கும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வாரங்களாக நாம் ஒத்திப்போட்டது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

எதிர்வீட்டாரின் பைக் இதை எழுதும்வரை திரும்பவில்லை. அந்தத் தம்பி மாமன் மகனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறார். மறு வாரம் அவர் தந்தையிடம் சென்று, அலாரத்தைச் சரிசெய்துவிட்டோம், இனி அது கத்தினால் உண்மையாகத்தான் கத்தும், நாமும் எழுந்து வருவோம் என்று சொன்னோம். அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று அறியோம். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற, ஒரு சுவிட்ச் மாற்றியதைக் காட்டிலும் நெடுங்காலம் ஆகும் என்பதை மட்டும் அறிவோம்.