சோழியும் பாம்பும்

"நிலவைப் பாம்பு விழுங்குகிறது, நோன்பிரு, நீராடு, தானம் கொடு!" மறைப்பு நாள்களில் மக்கள் கேட்டுவந்த கட்டளை இது. கணக்கு என்ன சொல்லிற்று?

நெரவியையும் காரைக்காலையும் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், 1825-ஆம் ஆண்டு, சென்னை வான் ஆய்வகத்தை முன்னர் நடத்திய ஜான் வாரனுக்குத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். தாளில்லை, எழுதுகோலில்லை. தரையிலே சோழிகள், நெஞ்சிலே வாய்பாடு. மே 31, சூன் 1 இரவின் நிலவு மறைப்பைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே. முடிவில் 52 நிமிடம்.

அக்கணக்கில் பாம்பு ஏது? நிலவின் பாதை கதிரவன் பாதையை வெட்டும் புள்ளிக்கே இராகு என்று பெயர். கணிதர்க்குப் புள்ளி; ஊருக்குப் பாம்பு!

ஆயினும், முறையின் காரணம் அவருக்கு விளங்கவில்லை, நினைவாற்றலே அவர் துணை என்று வாரன் எழுதினார். மனப்பாடம் அறிவைக் காக்கும், வளர்க்காது. பிழையைத் திருத்த 'ஏன்' எனும் வினா வேண்டும். அவ்வினாவே, நம் கதிரவன் பால்வெளியின் 10,000 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களுள் ஒன்று என்பதுவரை மாந்தரை அழைத்துச் சென்றது.

அடுத்த நிலவு மறைப்பன்று நெரவிப் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைப்போம். நிலவின்மேல் நகரும் இருளைக் காட்டி, "இது நாம் நிற்கும் புவியின் நிழல்" என்போம். அதன் விளிம்பு ஏன் வளைந்திருக்கிறது என்று அவர்கள் கேட்டால், அதுவே வெற்றி.