எல்லை தாண்டிய காரும் அதன் காகிதங்களும்

வெளிநாட்டில் ஓடிய காரை வாங்கி வந்து சொந்த ஊரில் பதிவு செய்ய நினைப்பவர் முதலில் தேடுவது மொழிபெயர்ப்பாளரை. அந்த நாட்டு ஆர்.சி. புத்தகம் இந்த நாட்டு அதிகாரிக்குப் புரியாது. ஆகவே முத்திரை குத்திய மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது நியாயமாகவே படுகிறது. ஆனால் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், இது அடிப்படையில் மொழிச் சிக்கலே அல்ல என்று தெரிகிறது. எந்தத் தகவலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அரசுகள் தமக்குள் பேசி முடிக்காமல் விட்ட வேலையைத்தான், கார் வாங்கியவர் தன் கைக்காசில் செய்து வந்திருக்கிறார்.

பேசி முடிப்பது கடினமாகவும் இருந்ததில்லை. 1909 அக்டோபரில் பாரிசில் கூடிய நாடுகள் மோட்டார் வண்டிகளுக்கான சர்வதேச உடன்படிக்கையைச் செய்தன. எல்லை தாண்டும் வண்டிக்கு 30 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரத்தில் ஒரு நீள்வட்டத் தகடு; அதில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு நிறத்தில், நாட்டைக் குறிக்கும் ஓரிரு லத்தீன் எழுத்துகள். வேறு எழுத்துமுறை கொண்ட ரஷ்யாவும் பல்கேரியாவும்கூட இதற்கு இணங்கின. வண்டியின் விவரங்களுக்குப் பொதுவான சான்றிதழும் வந்தது. ஆனால் அதன் ஆயுள் ஓராண்டுதான். 1926, 1949 உடன்படிக்கைகளும் வந்து திரும்பும் பயணியின் காரையே மனத்தில் வைத்திருந்தன. வந்த கார் அங்கேயே தங்கி, கைமாறி, புது எண் பெறும்போது என்ன செய்வது என்பது அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது போலந்தில் தெரிந்தது. 2004 மே 1 அன்று அது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், பழைய கார்கள், பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து, வந்து குவிந்தன. அந்த ஓராண்டில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே படிவத்தின் ஒரே கட்டங்களை ஆயிரமாயிரம் முறை போலிஷில் எழுதி முத்திரையிட்டார்கள். இத்தனைக்கும் மாற்று வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. ஒன்றியம் 1999-இல் பிறப்பித்த ஆணை, பதிவுச் சான்றிதழின் தகவல்களுக்கு லத்தீன் எழுத்தில் தொடங்கும் குறியீடுகளை ஒதுக்கி, 2004 ஜூன் 1-க்குள் அமல்படுத்தச் சொல்லியிருந்தது. ஜெர்மனி 2005 அக்டோபரில் புதிய சான்றிதழுக்கு மாறியது. அதில் ‘ஏ’ பதிவெண், ‘இ’ சேசிஸ் எண். இந்த ஏற்பாட்டின் அருமை ‘பி’, ‘ஐ’ என்ற இரு கட்டங்களில் விளங்கும். முன்னது வண்டி முதன்முதலில் பதிவான நாள். பின்னது கையிலுள்ள சான்றிதழுக்குரிய பதிவின் நாள். மூன்று கை மாறிய காரில் இரண்டுக்கும் பத்தாண்டு இடைவெளி இருக்கலாம். வெறும் ‘பதிவு நாள்’ என்று எழுதினால் காரின் வயதே மாறிப்போகும். எழுத்து அந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. பிற்பாடு போலந்துச் சட்டமும், குறியீடு உள்ள விவரங்களுக்கு மொழிபெயர்ப்புக் கேட்பதை விட்டது.

மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் போலிக் காகிதம் நுழைந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. போலியையும் பிழையில்லாமல் மொழிபெயர்க்க முடியும் என்பதை அது மறந்துவிடுகிறது. திருட்டுக் காரைப் பிடிக்க, வண்டியில் பொறித்த எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்கா 1981-இல் கட்டாயமாக்கிய 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ எழுத்துகளே கிடையாது; 1, 0 என்ற இலக்கங்களோடு அவை குழம்பக் கூடாது என்ற முன்யோசனை அது. இன்னொரு வாதம் வலுவானது. சான்றிதழின் ‘குறிப்புகள்’ பகுதியில், வண்டியில் செய்த மாற்றங்களைப் பற்றி முழு வாக்கியங்களாகவே எழுதியிருக்கும். அவற்றைக் குறியீட்டில் அடக்க முடியாது. அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும்தான். ஆனால் அந்த நாலு வரிக்காக முழுக் காகிதத்தையும் மொழிபெயர்க்க வைப்பது நியாயமில்லை.

உடன்பாடே இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, இலங்கைக்கு வரும் ஜப்பானிய ரீகண்டிஷன் கார்களைப் பார்க்கலாம். ஜப்பான் தன் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காரில் பொதுவாக 17 இட எண் இராது. மாடல் குறியையும் வரிசை எண்ணையும் சேர்த்த குறுகிய எண்தான் இருக்கும். உள்நாட்டுச் சான்றிதழில் ஆண்டு பேரரசரின் சகாப்தக் கணக்கில் வரும்: ஹெய்செய் 27 என்றால் 2015, 2019-இல் ஏப்ரல் 30 வரை ஹெய்செய் 31, மறுநாள் முதல் ரெய்வா 1. இதையாவது கூட்டிக் கழித்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்தச் சான்றிதழில் இருப்பது முதல் பதிவின் ஆண்டும் மாதமும்தான். தயாரித்த மாதம் இல்லை. பழைய வாகனங்களுக்கு வயது வரம்பு வைத்துள்ள நாட்டில், சில மாத வித்தியாசமே ஒரு காரைத் துறைமுகத்தில் நிறுத்திவிடப் போதும். காகிதத்தில் இல்லாத மாதத்தை எந்த மொழிபெயர்ப்பாளரும் எழுதித் தர முடியாது. சேசிஸ் எண்ணை வைத்துக்கொண்டு தயாரிப்பாளரின் பதிவேட்டில்தான் அதைத் தேட வேண்டும்.