மேன்டில் வந்த வழி

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் சாலை கொல்லிமலைமேல் ஏறத் தொடங்குகிறது. உச்சியை எட்டுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த வழியில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை மேலே கொண்டுபோக நினைப்பவர் விளக்கைக் கொண்டுபோகலாம். மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுபோகலாம். கண்ணாடியைக்கூட வைக்கோல் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுபோய்விடலாம். ஒருமுறை எரிந்த மேன்டிலை மட்டும் கொண்டுபோக முடியாது. மூன்றாவது வளைவிலேயே அது பொடியாகிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் புது மேன்டிலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், மேலே இறங்கிய பிறகுதான் விளக்கில் கட்டுவார்கள்.

கட்டும்போது அது வெறும் துணிப்பை. முதல்முறை தீ பட்டதும் துணி முழுக்க எரிந்து போய்விடும். மிச்சமிருப்பது சாம்பல், ஆனால் உதிராமல், நூல் பின்னிய வடிவம் அப்படியே நிற்கும் சாம்பல். அந்தச் சாம்பல்தான் கூத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் விடிய விடிய வெளிச்சம் கொடுத்தது. சாம்பலை ஒளிர வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியது?

யாருக்கும் தோன்றவில்லை, தற்செயலாக நடந்தது. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக், பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் பர்னர் மூலம் பழக்கமான பன்சனிடம் வேதியியல் படித்தவர். 1880களில் அருமண் தனிமங்களின் உப்புகளைத் தீயில் காட்டி, அவை எந்த நிறத்தில் ஒளிர்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கம்பி நுனியில் துளியூண்டு உப்பை வைத்தால் ஒளி போதவில்லை. பஞ்சு நூலை உப்புக் கரைசலில் நனைத்துத் தீயில் பிடித்துப் பார்த்தார். நூல் எரிந்தது. அதன் எலும்புக்கூடு மட்டும் நின்று பளீரென்று ஒளிர்ந்தது. நூலில் நடப்பது துணியிலும் நடக்குமல்லவா? 1885இல் காப்புரிமை எடுத்தார்.

முதல் மேன்டில் மெக்னீசியம், லாந்தனம், யிட்ரியம் ஆக்சைடுகளின் கலவை. எரிந்தது என்னவோ எரிந்தது, வெளிச்சம்தான் பச்சை. விருந்து மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் நோயாளி முகமாகத் தெரிகிற விளக்கை எவர் வாங்குவார்? தொட்டால் உடைகிற குறை வேறு. வியன்னாவுக்குப் பக்கத்தில் அட்ஸ்கெர்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் 1887இல் தொடங்கிய தொழிற்சாலை 1889இல் மூடப்பட்டது. எடிசனின் மின்விளக்கு வந்து பத்தாண்டு ஆகியிருந்தது. எரிவாயு விளக்கின் காலம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவுர் விடவில்லை. இந்த முறை அவர் கையில் எடுத்தது தோரியம். ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1828இல் கண்டுபிடித்து, ஸ்காண்டிநேவியப் புராணத்து இடிக் கடவுளின் பெயரைச் சூட்டி வைத்த உலோகம் அது. அறுபது ஆண்டுகளாக அதற்கென்று ஒரு வேலை இருக்கவில்லை. தோரியம் மேன்டில் முதலில் நன்றாக ஒளிர்ந்தது. இன்னும் நன்றாக ஒளிரட்டும் என்று தோரியத்தைச் சுத்தப்படுத்தினார்கள், வெளிச்சம் குறைந்தது. மறுபடி சுத்தப்படுத்தினார்கள், இன்னும் குறைந்தது. அப்போதுதான் புரிந்தது, ஒளிர்ந்தது தோரியம் அல்ல, அதில் ஒட்டிக்கொண்டிருந்த அழுக்கு. அந்த அழுக்கின் பெயர் சீரியம். தோரியம் ஆக்சைடு 3,000 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தைத் தாங்கும் சட்டகம். அதில் சிறிதளவு சீரியம் இருந்தால் வெள்ளை வெளிச்சம். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்பதுதான் கணக்கு. வேதியியல் வரலாற்றில் அசுத்தம் இவ்வளவு கௌரவமாக வென்ற இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1891 நவம்பர் 4 அன்று வியன்னாவின் ஆப்பரா காஃபிக் கடை வாசலில் புது விளக்கு எரிந்தது. பச்சை போய்விட்டிருந்தது. செத்துவிட்டதாகக் கருதப்பட்ட எரிவாயு விளக்குக்கு இன்னும் சில பத்தாண்டு ஆயுள் கிடைத்தது. அதோடு பல பேருக்குப் பிழைப்பும் கிடைத்தது. மேன்டிலின் சூட்டில் சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டதால், யேனா நகரத்து ஓட்டோ ஷாட் தன்னுடைய போரோசிலிகேட் கண்ணாடியில் உருளைகள் செய்து விற்றார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக் குழாயாக நாம் பிடித்தது இந்தக் கண்ணாடியைத்தான். தோரியம் பிரித்தபின் மலைபோல் மிஞ்சிய சீரியக் கழிவையும் அவுர் வீணாக்கவில்லை. அதில் இரும்பைக் கலந்து உரசினால் பொறி பறப்பதைக் கண்டு 1903இல் அதற்கும் காப்புரிமை வாங்கினார். சிகரெட் லைட்டரில் போடும் கல், மேன்டில் தொழிற்சாலைக் குப்பையில் பிறந்தது.

தோரியத்துக்கு எங்கே போவது? மோனசைட் என்ற மணலில் அது இருக்கிறது. பிரேசில் கடற்கரை மணல் கப்பல் கப்பலாக ஜெர்மனிக்குப் போனது. விலை வைப்பது சிலர் கையில் இருந்தது. இந்த இடத்தில்தான் கதைக்குள் தேங்காய் நார் நுழைகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் கனமான, மஞ்சள் மினுக்கும் மணல் ஒட்டியிருந்தது. கயிறு வாங்குபவருக்கு அது எடையில் ஏமாற்று. ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அது மோனசைட் என்று கண்டுகொண்டார். மணல் வந்த வழியைத் தேடிக்கொண்டு 1909இல் அவர் வந்து நின்ற இடம் மணவாளக்குறிச்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில். அங்கேயே மணல் பிரிக்கும் ஆலையும் போட்டார். அதன் பிறகு கொல்லத்துக்கு அருகே சவராவிலும் ஆலை வந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் உளவாளி என்று சொல்லி ஆங்கிலேயர் அவரைக் கைது செய்தனர். மணல் லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. வெளிச்சத்துக்காக இரண்டு வல்லரசுகள் மல்லுக்கு நின்ற அந்த மண்ணில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு, காலடியில் இருப்பது பெர்லினுக்குப் போகிற சரக்கு என்று யார் சொல்லியிருப்பார்கள்?

மேன்டில் இருந்தால் மட்டும் போதுமா? எரிவாயுக் குழாய் நகரத்தில்தான் உண்டு. குழாய் இல்லாத ஊருக்கு மண்ணெண்ணெயையே ஆவியாக்கிவிட்டால் என்ன என்ற யோசனை பல மூளைகளில் ஓடியது. ஆர்தர் கிட்சன் என்ற ஆங்கிலேயரின் ஆவி பர்னர் கலங்கரை விளக்கங்களுக்குப் போனது. பெர்லினில் ஏரிஷ் அண்ட் கிரேட்ஸ் என்ற விளக்குக் கம்பெனியில் மாக்ஸ் கிரேட்ஸ், கையில் தூக்கிப் போகிற அளவுக்கு அதைச் சுருக்கினார். 1910 வாக்கில் வந்த அந்த விளக்குக்குப் பெட்ரோலியத்தையும் தன் பெயரையும் சேர்த்துப் பெட்ரோமாக்ஸ் என்று பெயர் வைத்தார். தொட்டியில் எண்ணெய், பம்ப் அடித்தால் காற்றழுத்தம், அழுத்தத்தில் எண்ணெய் சூடான குழாயில் ஏறி ஆவியாகும், ஆவி நிப்பிளின் ஊசித் துளை வழியே பீச்சி, காற்றோடு கலந்து மேன்டிலுக்குள் எரியும். உஸ்ஸென்ற அந்த ஓயாத இரைச்சல் அதுதான்.

நல்ல சரக்குக்கு நகல் வராமல் இருக்குமா? போர்ச்சுகலில் ஹிப்போலிட்டோ, சீனாவில் சீ ஆங்கரும் பட்டர்ஃப்ளையும் பெட்ரோமாக்ஸின் அச்சாகவே வந்தன. நம் ஊரிலும் எந்தக் கம்பெனி விளக்கானாலும் பெயர் பெட்ரோமாக்ஸ்தான், இல்லாவிட்டால் காஸ் லைட். வாடகை சைக்கிள் கடைக்காரர்களே பெரும்பாலும் இதையும் வாடகைக்கு விட்டார்கள். சாமி ஊர்வலத்தில் தலையில் சும்மாடு வைத்து அதைச் சுமந்து நடந்தவர்கள் வெளிச்சத்துக்கு நடுவே இருந்தார்கள். புகைப்படங்களில் அவர்கள் முகம்தான் தெரியாது.

1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி நடத்துவதும் அப்படி ஒரு கடை. இதில் எப்படி வெளிச்சம் வரும் என்று கேட்டு மேன்டிலைக் கசக்கி உடைக்கிற செந்திலைப் பார்த்து நாற்பது வருடமாகச் சிரிக்கிறோம். ஒன்று சொல்ல வேண்டும்: செந்தில் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. அவுர் அதற்குப் பதில் கண்டுபிடிக்க ஆறு வருடமும் ஒரு தொழிற்சாலையும் செலவாயின.

அந்தப் படம் வருவதற்கு முன்பே மணவாளக்குறிச்சி மணல் இந்திய அரசின் பொறுப்புக்கு வந்திருந்தது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையும், 1955இல் டிராம்பேயில் தோரியம் ஆலையும் வந்தன. வருங்கால அணு உலைக்கு என்று சேர்த்து வைத்த தோரியத்தில் ஒரு பங்கு, நைட்ரேட்டாக மேன்டில் செய்பவர்களுக்குப் போனது.

அணு உலை என்றதும் ஒரு உறுத்தல் வரும். வர வேண்டியதுதான். தோரியம் கதிரியக்கம் உடையது என்று மேரி கியூரி 1898இல் கண்டறிந்தார்; மேன்டில் வந்து ஏழு வருடம் கழித்து. அளவு மிகக் குறைவு, விளக்கின் அருகே உட்கார்ந்து கூத்துப் பார்த்ததால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் 1994இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டேவிட் ஹான் என்ற சாரணர் பையன், நூற்றுக்கணக்கான மேன்டில்களை எரித்துத் தோரியம் சேர்த்து, தாயார் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் அணு உலை கட்டப் பார்த்தான். மறு வருடம் அரசு ஆட்கள் பாதுகாப்பு உடையில் வந்து கொட்டகையையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்திலேயே கோல்மன் போன்ற பெரிய கம்பெனிகள் தோரியத்தை விட்டு யிட்ரியத்துக்கு மாறின. ஆமாம், 1885இல் பச்சை வெளிச்சம் காட்டித் தோற்ற கலவையில் இருந்த அதே யிட்ரியம்.

பரணில் கிடக்கும் பழைய காஸ் லைட்டை இன்று உயிர்ப்பிக்கிறவர்கள் முதலில் கவனிப்பது யிட்ரியத்தால் வந்த நிற மாற்றத்தைத்தான். பாக்கி எல்லாம் கைவேலை. பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். விளக்கெண்ணெயில் ஓர் இரவு ஊறப் போட்டு, விளிம்பை விரலால் குடைபோல் விரித்துவிட்டால் மறுபடி காற்றைப் பிடிக்கும். தொட்டியில் இறுகிய பழைய எண்ணெயைப் புது மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கொட்ட வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் ஊசியால் குத்திவிட வேண்டும். புளி போட்டுத் தேய்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நிக்கல் பூச்சு இருந்தால் வேண்டாம், முழுக்கப் போய் மஞ்சள் பித்தளை தெரிந்தால் தாராளமாகத் தேய்க்கலாம். இத்தனையும் முடித்துப் புது மேன்டில் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, பம்ப் அடித்தால் வெளிச்சம் வரும். பழைய வெள்ளை இது இல்லை, மஞ்சளடிக்கிறது என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள். விளக்கில் குற்றமில்லை. சாம்பல் மாறிவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே தொங்கும் பழைய மேன்டில் தோரியமாகத்தான் இருக்கும். அந்தத் தூளை வாயால் ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கையைக் கழுவுங்கள். தொட்டியில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. சாத்திய அறைக்குள் கொளுத்தவும் கூடாது. காரவள்ளி வழியாக மலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், மேன்டிலைக் கட்டாமலே கொண்டுபோங்கள். இரண்டு கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.