டால்பட்டின் கறுத்த ஓரங்கள்

நம் கல்லூரித் தம்பி தங்கையர் சிலர் கையாலேயே உப்புத்தாள் படம் அச்சிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். தாள் திட்டுத்திட்டாகக் கறுத்தால் கிழித்துப் போட்டுவிடுகிறார்களாம். கொஞ்சம் பொறுங்கப்பா!

இம்முறையைக் கண்ட இங்கிலாந்துக்காரர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டுக்கும் 1834-இல் இதே கதிதான். உப்புநீரில் தோய்த்த தாளில் வெள்ளி நைட்ரேட் பூசி வெயிலில் வைத்தார். நடுப்பகுதி மந்தம், ஓரங்களில் சில இடங்கள் மட்டும் சட்டென்று கறுத்தன. மனுஷர் தாளை எறியவில்லை. அங்கே உப்பின் அளவு மாறியிருக்குமோ என்று யோசித்து, உப்பைக் குறைத்துப் பார்த்தார். தாள் முழுதும் வேகமாகக் கறுத்தது! உப்பு மிகுந்தால் ஒளியுணர்வு குறையும் என்பதும் விளங்கிற்று. அந்தக் கெட்டி உப்புநீரைக் கொண்டே படத்தை நிறுத்திவைத்தார்.

அதுவும் அரைகுறைதான். 1839-இல் ஜான் ஹெர்ஷல் ஹைப்போ கரைசலைச் சொல்லித் தந்தார். சரியாகக் கழுவாததால் பலருடைய படங்கள் மங்கின. டால்பட் 1844 முதல் 1846 வரை வெளியிட்ட 'பென்சில் ஆஃப் நேச்சர்' நூலின் படங்களும் தப்பவில்லை. 1855-இல் லண்டனில் இதை ஆராய்ந்த குழு, தாளில் தங்கிய ஹைப்போவே முதற்காரணம் என்றது.

ஆகவே தம்பிகளா, கெட்ட தாளின் பின்புறம் உப்பின் அளவை எழுதி வையுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து அச்சிடுங்கள்.